பந்தடித்தது யார், பாட்டில் இருப்பது யார்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு எம்.ஏ. வகுப்பில் திரைப்படம் பற்றிய தாளுக்காக ஒவ்வொருவரும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கட்டுரை வாசித்தார்கள். ஒரு மாணவி 'பிகில்' எடுத்திருந்தாள். கல்லூரிக் கால்பந்து அணியின் கோல் கீப்பர் அவள். தேவிபட்டினம் பக்கத்துக் கிராமம். ஒரு பையில் புத்தகம், இன்னொரு பையில் ஷூவும் கையுறையும் என்று காலைப் பேருந்தில் வந்து இறங்குவாள். அவளுடைய கட்டுரையின் இரண்டாவது பத்தியில் ஒரு வரி இருந்தது: பெண்கள் கால்பந்து 1991இல் சீனாவில் நடந்த உலகக் கோப்பையோடு தொடங்குகிறது. நான் அதைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை. சரி என்றுதான் நினைத்தேன். ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தினேன்.

வாசித்து முடித்ததும் வகுப்பில் பேச்சு காயத்ரி என்ற பாத்திரத்தைப் பற்றி வந்தது. திருமணமானதும் ஆட்டத்தை விட்டுவிட்டவள் காயத்ரி. பயிற்சியாளராக வரும் கதாநாயகன் அவள் வீட்டுக்கே போய், கணவனிடம் பேசி, அவளை மறுபடி மைதானத்துக்கு அழைத்து வருகிறான். அந்தக் காட்சி பிடித்திருந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பிடிச்சிருந்துச்சு மேம். ஆனா எங்க வீட்டுக்கு அப்பிடி யாரும் வரமாட்டாங்க."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவளுக்கு நிச்சயதார்த்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. 'பிகில்' 2019 தீபாவளிக்கு வந்த படம். அட்லி இயக்கம், விஜய் கதாநாயகன். அதைத் திட்டுவது சுலபம். நான் முதலில் அதன் பக்கம் நின்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய நட்சத்திரத்தின் படத்தில் பதினொரு பெண்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு ஓடுவதை எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ராமநாதபுரத்துத் தியேட்டரில் நான் பார்த்த காட்சியில் விசிலடித்தவர்களில் பாதிப்பேர் தாவணி வயதுப் பிள்ளைகள். 'சிங்கப்பெண்ணே' பாட்டு எங்கள் கல்லூரி ஆண்டுவிழாவில் இன்றுவரை ஒலிக்கிறது. அந்த விசிலை நான் கேவலமாக நினைக்கவில்லை.

ஆனால் கதை எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஆசிட் வீசப்பட்டு வீட்டுக்குள் முடங்கிய பெண்ணை வெளியே கொண்டுவருவது அவன். கணவன் வீட்டுக்குள் அடைந்த பெண்ணை மீட்பது அவன். இறுதி ஆட்டத்தில், பருமனான உடல் கொண்ட பாண்டியம்மாவை, எல்லோர் முன்னிலையிலும் அவள் உடலைச் சொல்லி இழிவுபடுத்துகிறான். அந்தக் கோபத்தில் அவள் சாதிக்கிறாள். அவமானம்தான் பயிற்சி என்று படம் நம்புகிறது. ஒரு பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிய இழிசொல் புதிதா என்ன? பிறந்ததிலிருந்து கேட்கிறாள். அது ஊக்கமருந்தாக வேலை செய்யுமென்றால் இந்நேரம் நம் ஊரில் பாதிப் பெண்கள் உலகக் கோப்பை வாங்கியிருக்க வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தப் பெண்கள் வெற்றிடத்திலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஆடிய அக்கா என்று ஒருத்தியும் இல்லை. முன்பு ஆடித் தோற்ற ஒருத்தி, ஆடி ஜெயித்த ஒருத்தி, இப்போது பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கும் ஒருத்தி, யாரும் இல்லை. ஆட்டத்தின் நினைவு முழுவதும் கதாநாயகனிடம்தான் இருக்கிறது. அவன்தான் பழைய ஆட்டக்காரன். பெண்களுக்குக் கடந்தகாலமாகக் கொடுக்கப்பட்டிருப்பது காயங்கள் மட்டும்.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துப் போட்டியின் இறுதியில் தமிழ்நாட்டு அணி மணிப்பூரை 2-1 என்று வென்றது. பட்டத்தைப் பல முறை வீட்டுக்குக் கொண்டுபோன அணி மணிப்பூர்; அந்த மாநிலத்தில் பெண்கள் கால்பந்து தெருவிலேயே இருக்கிறது. 2019 மே மாதம், லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதியில் மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண். 'பிகில்' வெளியானது ஐந்து மாதம் கழித்து. திரையில் தமிழ்ப்பெண்களை ஜெயிக்கவைக்க ஓர் ஆண் வேண்டியிருந்தது. மைதானத்தில் அவர்கள் ஏற்கெனவே ஜெயித்து முடித்து, ஒரு பெண்ணின் கீழ் இன்னொரு கோப்பையும் வாங்கி வைத்துவிட்டார்கள்.

(சேது என்ற பெயரைப் பார்த்ததும் எங்களூர் அணி என்று ஒரு நிமிடம் துள்ளினேன். எங்கள் கரையில் சேது என்றால் கடல், கோயில், ராஜா, வீட்டுக்கு ஒரு பிள்ளையின் பெயர். அணி மதுரைக்குத் தெற்கே காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்தது. போகட்டும், பெயராவது நம்முடையது.)

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்தக் கதையமைப்பைப் பார்த்ததும் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதை நினைவுக்கு வந்தது. கண்ணகி தெய்வமாகத் தோன்றிய பிறகு பெண்கள் ஆடிப் பாடுகிறார்கள். அம்மானை ஆடும்போது சோழனைப் பாடுகிறார்கள், ஊசலில் சேரனை. பந்தடிக்கும்போது பாடும் பாட்டு கந்துகவரி. அதில் வாழ்த்தப்படுபவன் பாண்டியன். யோசித்துப் பாருங்கள். எந்த அரசனின் அவசரத் தீர்ப்பில் கோவலன் வெட்டுப்பட்டானோ, எவனிடம் கண்ணகி சிலம்பை உடைத்து நியாயம் கேட்டாளோ, அவன் குலம் வாழ்க என்று பெண்கள் பந்தடிக்கிறார்கள். கை அவர்களுடையது, கால் அவர்களுடையது, மூச்சு அவர்களுடையது. பாட்டு அரசனுடையது. கந்துகவரியின் சந்தம் வகுப்பில் சொல்லும்போதே உடம்பைத் தூக்கும். இருபது வருடமாகச் சந்தத்தை ரசிக்கச் சொல்லிக்கொடுத்த நான் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுவதையும் நாம் ரசித்துத்தான் படிக்கிறோம். அங்கே பந்து ஒரு சாக்கு. கவிராயரின் கண் பந்தைப் பின்தொடர்வதே இல்லை. பெருங்கதையில் 'பந்தடி கண்டது' என்று ஒரு பகுதியே இருக்கிறது. அரண்மனைப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி பந்தடிக்க, கடைசியில் மானனீகை அடிக்கிறாள், உதயணன் பார்த்து மயங்குகிறான். இங்கேயும் ஆண் கண்தான். ஆனால் கொங்குவேளிருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்: யார் எத்தனை அடித்தாள் என்று ஆயிரங்களில் கணக்கு வைத்திருக்கிறார். பெயர் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. விளையாட்டுச் செய்தி என்று பார்த்தால் பின்னால் வந்த பலரைவிட நேர்மையான நிருபர்.

ஏனென்றால், 1991தான் தொடக்கம் என்ற அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போகப்போக, கணக்கு கரைந்துகொண்டே போனது. 1881 மே மாதம் எடின்பரோவில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்ற பெயர்களில் இரண்டு பெண்கள் அணிகள் ஆடியிருக்கின்றன. ஸ்காட்லாந்து 3-0. அடுத்த வாரம் கிளாஸ்கோவில் ஆடியபோது கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, ஆட்டக்காரிகள் குதிரை வண்டியில் ஏறித் தப்ப வேண்டியதாயிற்று. 1895இல் லண்டனில் நெட்டி ஹனிபால் என்பவர் பெண்களுக்கென்று ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கினார். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை என்கிறார்கள். பந்தாடப் புனைபெயர் தேவைப்பட்ட காலம். கவிதை எழுதப் புனைபெயர் வைத்துக்கொண்ட நமக்கு இது புரியும்.

முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளுக்குள் வந்தார்கள். பிரெஸ்டன் நகரத்தில் டிக், கெர் என்ற தொழிற்சாலைப் பெண்கள் இடைவேளையில் பந்தடித்துப் பழகி ஓர் அணியானார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று அவர்களுடைய முதல் பெரிய ஆட்டம்; பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். 1920 ஏப்ரலில் பாரிஸிலிருந்து அலிஸ் மில்யா ஓர் அணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரெஸ்டனில் நடந்த அந்த ஆட்டத்துக்கு 25,000 பேர். பெண்களின் சர்வதேசக் கால்பந்து ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடல் தாண்டிப் போனது இப்படித்தான். அதே வருடம் டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் 53,000 பேர்; உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் பல ஆயிரம். வசூல் 3,000 பவுனுக்கு மேல், போரில் காயம்பட்டவர்களுக்குப் போனது.

ஒரு வருடம் முடியவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாதென்று தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருத்தமற்றது என்பது ஒரு காரணம். தர்மத்துக்கென்று வசூலித்த பணத்தில் செலவுக்கணக்கு அதிகம் என்பது இன்னொன்று. நம் ஊர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது காரணம் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். தடை ஐம்பது வருடம் நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955இலிருந்து 1970 வரை, பிரேசிலில் 1941இலிருந்து 1979 வரை இதே தடை.

இந்த இடத்தில் எனக்குத் தூக்கம் போன ஒரு பெயர் இருக்கிறது. தடைக்குச் சாதகமாக அன்று கருத்துச் சொன்ன மருத்துவர்களில் ஒருவர் டாக்டர் மேரி ஷார்லிப். கால்பந்து பெண்ணுடலின் அமைப்புக்கு மீறியது என்று சொன்னவர். அந்தப் பெயரை நான் வேறு இடத்தில் படித்திருந்தேன். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது உள்ளே போனவர்களில் ஒருவர் அதே மேரி ஷார்லிப். ஒரு வக்கீலின் மனைவியாகச் சென்னைக்கு வந்து, ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்துப் பிரசவத்தில் இறந்துபோகும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு மருத்துவம் படித்தவர். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி உருவாக முன்னின்றவர். இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் இருக்கிறது. ஆனால் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் வண்டி நகரும்.

பெண்ணின் மூளைக்கு மருத்துவம் தாங்காது என்று ஆண்கள் சொன்னதை உடைத்துக்கொண்டு போன ஒருவர், நாற்பத்தாறு வருடம் கழித்து, பெண்ணின் உடலுக்குக் கால்பந்து தாங்காது என்கிறார். இதைத் துரோகம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது பெண்ணின் கர்ப்பப்பையை; அதைக் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்டவர். எதைக் காப்பாற்றப் புறப்பட்டாரோ அதைத் தாண்டிப் பெண்ணுக்கு உடம்பு உண்டு என்பது அவர் கண்ணில் படாமல் போயிற்று. படித்து, பட்டம் பெற்று, அதிகாரத்தில் உட்கார்ந்த பெண்களாகிய நமக்கும் இது நேரும். தேர்வு நேரத்தில் விளையாட்டு எதற்கம்மா என்று மாணவிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

நான் பிறந்தது 1980 மார்ச்சில். பாம்பன் தெற்குவாடியில். அம்மா கடல்பாசி எடுக்கப் போனவள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவள் வாயில் பாசிகளின் பெயர் வரிசையாக வரும். பவளப்பாறை விரலைக் கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, சாக்கு நிறைய அள்ளிவருவார்கள். என்னைச் சுமந்திருந்தபோது எத்தனாவது மாதம் வரை போனாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஏழு முடியிற வரைக்கும் போனேன்த்தா. தண்ணிக்குள்ள வயிறு கனக்காது. கரையேறயிலதான் கனக்கும்" என்றாள். அவளிடம் யாரும் உடல் அமைப்புக்கு மீறியது என்று சொல்லவில்லை. கூலிக்காகப் பெண் மூழ்கலாம், சுமக்கலாம், கல் உடைக்கலாம்; அப்போதெல்லாம் கர்ப்பப்பையைப் பற்றி எந்தச் சங்கமும் தீர்மானம் போடாது. அவள் தனக்காக, ஒரு பயனும் இல்லாமல், சந்தோஷத்துக்காக ஓடினால்தான் மருத்துவ அறிவு விழித்துக்கொள்கிறது. 1991இல் ஃபிஃபா நடத்திய முதல் பெண்கள் உலகக் கோப்பையில்கூட ஆட்டநேரம் 80 நிமிடம்தான். ஆண்களுக்கு 90.

எங்கள் ஊர் அந்தோணியார் திருவிழாவில் வாலிபர்களுக்குக் கால்பந்துப் போட்டி நடக்கும். கடற்கரை மணலில் மூங்கில் ஊன்றிக் கோல். என் தம்பி ஆடுவான். நானும் சித்தி பிள்ளைகளும் வலை காயப்போட்டிருக்கும் மேட்டில் உட்கார்ந்து பார்ப்போம். பந்து எங்கள் பக்கம் வந்தால் கையால் எடுத்துக் கொடுக்கலாம். ஒருமுறை நான் காலால் உதைத்து அனுப்பினேன், நன்றாகவே போனது. பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த வருடம் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். பள்ளியில் எங்களுக்கு எறிபந்தும் கோகோவும். கால்பந்து பையன்களுக்கு.

'கோபா 71' என்று ஓர் ஆவணப்படம் 2023இல் வந்தது. ரேச்சல் ராம்சே, ஜேம்ஸ் எர்ஸ்கின் இயக்கியது. அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டெய்ன், இரண்டு முறை உலகக் கோப்பை வென்றவர், ஒரு பழைய காட்சித் துண்டைப் பார்ப்பதோடு தொடங்குகிறது. பிதுங்கி வழியும் மைதானம், நடுவில் பெண்கள். இது எது, எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது சிவப்பு மை பிடித்த என் கை ஞாபகம் வந்தது.

அது 1971 மெக்சிகோ. முந்தின வருடம் இத்தாலியில் பெண்களுக்கு ஓர் உலகக் கோப்பை நடந்து டென்மார்க் வென்றிருந்தது. இரண்டாவது மெக்சிகோவில், ஆறு நாடுகளோடு. ஃபிஃபாவின் அங்கீகாரம் இல்லை. ஆண்களின் உலகக் கோப்பை முந்தின வருடம் முடிந்த அதே அஸ்தெகா மைதானத்தில் இறுதி ஆட்டம்; பார்த்தவர்கள் 1,10,000 பேர் என்கிறார்கள். கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள், பெண்கள் ஆட்டமல்லவா. இறுதிக்கு முன் மெக்சிகோ ஆட்டக்காரிகள், இவ்வளவு வசூலில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். பேராசைக்காரிகள் என்று பேச்சு வந்தது. 1921இன் அதே செலவுக்கணக்கு. டென்மார்க்கின் சுசான அகஸ்டசன் என்ற பதினைந்து வயதுப் பெண் மூன்று கோல் போட, டென்மார்க் 3-0. இங்கிலாந்திலிருந்து போன அணியில் பதின்மூன்று வயதுச் சிறுமியும் இருந்தாள். ஊர் திரும்பியதும் அவர்களுக்குக் கிடைத்தது தடை.

படம் எனக்குப் பிடித்தது, முக்கியமாக அந்த வயதான பெண்களின் முகங்கள். பலர் ஐம்பது வருடம் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். தோற்றதால் அல்ல, ஊரே கேலி செய்ததால். ஆனால் என் மனக்குறையையும் சொல்கிறேன். ஆறு நாடுகளில் ஆசியா இல்லை, ஆப்பிரிக்கா இல்லை. தொலைந்துபோன உலகம் என்று நம் முன் விரிவது ஐரோப்பாவும் லத்தீன் அமெரிக்காவும்தான். மறக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. அதில் நம் இடம் கடைசி.

ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், மலேசியா என்று நம் பக்கத்து நாட்டவர்கள் 1968லேயே ஆசியப் பெண்கள் கால்பந்துக்கு ஒரு கூட்டமைப்பை உண்டாக்கியிருந்தார்கள். ஆண்களின் ஆசியக் கூட்டமைப்புக்கு வெளியே, தனியாக. 1975இல் ஹாங்காங்கில் முதல் ஆசியப் பெண்கள் கோப்பை, நியூசிலாந்து வென்றது. அதே 1975இல் லக்னோவை மையமாகக் கொண்டு இந்தியப் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் பிறக்கிறது. ஐ.நா.வின் சர்வதேசப் பெண்கள் ஆண்டும் அதுதான், நெருக்கடி நிலையின் ஆண்டும் அதுதான். அந்த வருடத்தைப் பற்றி எத்தனை கருத்தரங்கங்களில் பேசியிருப்போம். தேசியப் போட்டிக்காக லக்னோவுக்கு ரயிலேறிய பெண்களை ஒரு கட்டுரையிலும் நான் சந்தித்ததில்லை. தேசிய அணியின் முதல் பயிற்சியாளர் கொல்கத்தாவின் சுசீல் பட்டாச்சார்யா.

1979 டிசம்பர் முடிந்து 1980 ஜனவரி பிறந்த நாட்களில் மூன்றாவது ஆசியக் கோப்பை நடந்தது. எங்கே? கோழிக்கோட்டில். ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பகலும் இரவும் பயணம். ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலத்திலிருந்து ஓர் அணி வந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. பதிவில் 'இந்தியா எஸ்', 'இந்தியா என்' என்றிருக்கிறது. இறுதிக்கு வந்தது இந்தியா எஸ். எதிரில் தைவான். முலான் என்பது அவர்கள் அணியின் பெயர். ஆண்வேடம் போட்டுப் போருக்குப் போன சீனக் கதைப் பெண்ணின் பெயர். தைவான் 2-0 என்று ஜெயித்தது. இந்தியாவுக்கு ஆசியாவில் இரண்டாமிடம். 1981 ஹாங்காங்கில் மூன்றாமிடம். 1983 பாங்காக்கில் மறுபடி இறுதி, தாய்லாந்திடம் தோல்வி, மறுபடி இரண்டாமிடம். அந்த வருடம் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது. கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் பெண்.

எஸ் என்பதைத் தெற்கு என்று நான் படித்துக்கொள்கிறேன். கோழிக்கோட்டில் தெற்கு இந்தியா இறுதி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது எங்கள் அம்மா ஏழாவது மாதத்தில் என்னோடு கடலுக்குள் முங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு விஷயங்களையும் ஒரே வாக்கியத்தில் எழுத எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. என் கைக்குக் கிடைத்த அட்டவணையில் நாடு இருக்கிறது, கோல் இருக்கிறது, ஆட்டக்காரிகளின் பெயர் இல்லை. மானனீகைக்காவது பெயர் இருந்தது.

ஆசியாவில் இரண்டாமிடத்தில் இருந்த ஓர் அணி எப்படிக் காணாமல் போகும்? 1980களில் ஆசியக் கூட்டமைப்பு பெண்கள் ஆட்டத்தைத் தன்கீழ் கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் பெண்கள் சம்மேளனம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்குள் போனது. இணைப்பு என்றார்கள். நம் வீடுகளில் மருமகள் இணைவதைப் போல. கொண்டுவந்த பாத்திரங்களில் பெயர் அழிந்துபோகும், பிறகு அவள் எதுவும் கொண்டுவரவில்லை என்று பேச்சு நிலைக்கும். தனிச் சம்மேளனம் ஒன்றும் சொர்க்கமில்லை, பணமில்லாமல் திண்டாடியதுதான். ஆனாலும் அங்கே பெண்கள் ஆட்டம்தான் ஒரே வேலை. இங்கே அது கடைசி வேலை. 2009இல், பதினெட்டு மாதங்களுக்கும் மேலாக ஓர் ஆட்டமும் ஆடாததால் இந்தியப் பெண்கள் அணியை ஃபிஃபா தன் தரவரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. சாந்தி மல்லிக்குக்குப் பிறகு அர்ஜுனா பெற்ற அடுத்த பெண் கால்பந்துக்காரர் மணிப்பூரின் பெம்பெம் தேவி. ஆண்டு 2017. நடுவில் முப்பத்து நான்கு வருடம். ஒரு பெண் பிறந்து, ஆடி, ஓய்வும் பெற்றிருக்கலாம்.

2025 ஜூலையில் சியாங் மாயில் சங்கீதா பாஸ்போரின் இரண்டு கோல்களால் இந்தியா தாய்லாந்தை 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தேர்வானது. தகுதிச் சுற்றின் வழியாக இந்தியா போவது இதுவே முதல் முறை என்று செய்திகள் வந்தன. தவறில்லை, அந்தக் காலத்தில் தகுதிச் சுற்று கிடையாது. ஆனால் செய்தியைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெண், "இப்பத்தானக்கா நம்ம புள்ளைக ஆட ஆரம்பிச்சிருக்கு" என்றாள். முதல் என்ற சொல்லுக்கு அப்படியொரு குணம். எவ்வளவு உண்மையாகச் சொன்னாலும் அது தனக்கு முன்னாலிருப்பதையெல்லாம் கழுவிவிடும். ஒவ்வொரு தலைமுறைப் பெண்ணையும் முதல் பெண் என்று கொண்டாடுவது, அவளை அநாதையாக்கும் ஒரு வழி. 'பிகில்' அந்தச் சொல்லின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. முன்னால் யாருமில்லை என்றால்தானே அவன் வர முடியும். 2026இல் இந்தியாவின் பிரிவில் இருக்கும் அணிகளில் ஒன்று தைவான் என்பதைப் பார்த்தேன். கோழிக்கோட்டுப் பாக்கி.

இதையெல்லாம் சேகரித்து முடிப்பதற்குள் அந்த மாணவி படிப்பை முடித்துவிட்டாள். நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை, நானும் போகவில்லை. மண்டலப் போட்டி முடிகிற வரைக்கும் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அவளே அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் முடியாது என்றதும் அத்தாவிடம்... இல்லை, அவள் சொன்னபடியே சொல்கிறேன்: அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் போயிருக்கிறாள். பாட்டி மகனைக் கூப்பிட்டு, "பத்து நாள்ல மாப்பிள்ள கெட்டா போயிருவான்?" என்று கேட்டதில் தேதி பத்து நாள் தள்ளியது. அரையிறுதியில் தோற்றார்கள். கல்யாணமாகி இப்போது தொண்டியில் இருக்கிறாள்.

போன மாதம் அவளுக்கு இந்த விவரங்களையெல்லாம் ஒரு குரல்பதிவாக அனுப்பினேன். எடின்பரோ, பிரெஸ்டன், மெக்சிகோ, கோழிக்கோடு. உன் கட்டுரையில் நான் திருத்தாமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது என்றும் சொன்னேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. அந்த மண்டலப் போட்டியில் கொடுத்த சான்றிதழ். அச்சில் 'செல்வன்' என்று மட்டும்தான் இருக்கிறது. ஆண்கள் போட்டிக்கு அடித்துவைத்த தாள்கள் மிச்சமிருந்திருக்கும். அந்தச் சொல்லின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் 'செல்வி'. கீழே அவள் எழுதியிருந்தாள்: "அத அடிச்சுட்டு எழுதுனது நாந்தான் மேம். எல்லாருக்கும் நாந்தான் எழுதிக் குடுத்தேன். பதினெட்டுப் பேருக்கும்."